வெயில் இல்லாத நாளின் நிழல்

ஐப்பசி அடங்கிக் கார்த்திகை பிறந்திருந்தது. வானெங்கும் நீறு பூசினாற்போல் மேகம். ஏகம்பன் கோபுரமும் அதனுள் கரைந்து நின்றது. ஏழு நாள் மழை சற்றே ஓய்ந்த காலையில், பிள்ளையார்பாளையத்துத் தெருவின் நீளத்துக்குப் பட்டு இழைகளை நீட்டிப் பாவு விரித்திருந்தார்கள். காமாட்சியம்மனுக்குச் சாத்தும் புடவைக்கான பாவு அது.

அதன் முனைக்கழியை இழுத்துப் பிடித்து நின்றான் வீரபாகு. அப்போதுதான் அவள் வந்தாள்... தையல்நாயகி. இடக்கால் சூம்பியவள், ஒரு கையில் ஊன்றுகோல், மறு கையில் இலை மடிப்பில் கோயில் திருநீறு. ஈரம் படிந்த இமைகளை உயர்த்தி அவனைப் பார்த்தாள். ஒரே பார்வை... கழி கைநழுவியது. பாவு சரிந்தது, இழைகள் அறுந்தன.

"ஐயோ, நொண்டி நெழலு பாவு மேல வுழுந்துச்சே!" என்று அலறினாள் அவன் தாய் பட்டம்மாள்.

"வெயிலே இல்லியேம்மா... நெழலு எங்கேந்து வந்துது?" என்றாள் தையல்நாயகி.

"வாய் மட்டும் நொண்டலியே!" என்றார் மறுமுனையைப் பிடித்திருந்த குப்புசாமி. "கோயிலுக்கு வேற தெரு இல்லியா? இனிமே இந்தப் பக்கம் வராத!"

மற்றத் தெருக்களில் முழங்காலளவு வெள்ளம். ஈசனிடம் செல்ல அவளுக்கு இது ஒன்றே வழி. வீரபாகு அதை அறிவான். ஆயினும், கழியை நழுவவிட்டவனும் ஒரு நெசவாளனா என்று தெரு சிரிக்குமே... சரிந்த கழியை எடுப்பவன்போல் குனிந்துகொண்டான்.

அவள் அழவில்லை. சேற்றில் அமர்ந்தாள். விரல் வழுக்காதிருக்கத் திருநீற்றைத் தொட்டு, அறுந்த முனைகளை விரல்நுனியில் முறுக்கி ஒவ்வொன்றாய் இணைக்கலானாள்.

"தொடாதடி! நீ தொட்ட இழ அம்மனுக்கு ஆவாது!"

பட்டம்மாள் அவள் கையைத் தட்டிவிட்டாள். திருநீறு பாதி சேற்றில் சிந்தியது. அதற்குமேல் அவனால் பொறுக்க இயலவில்லை.

"அம்மா! கழிய வுட்டது நான்தாம்மா. இவ கண்ணப் பாத்துக்கினே நின்னுட்டேன்... இன்னமும் பாத்துக்கினே இருக்கணும்னுதான் தோணுது."

தெரு நகைத்தது. குப்புசாமி முகம் சுளித்துத் தம் கழியைத் தரையில் வைத்துவிட்டு நடந்தார்.

"மொதல்லயே சொல்லக் கூடாதா?" என்றாள் தையல்நாயகி, தலைநிமிராமல்.

"பயந்துட்டேன்..."

"இந்த மொனையப் புடிங்க." அறுந்த இழையொன்றை அவன் பக்கம் நீட்டினாள். "இப்பவாவது வுட்டுடாதீங்க."

பிடித்தான். கடைசி இழையும் சேர்ந்தது.

பட்டம்மாள் இணைந்த இடங்களில் விரலோட்டிப் பார்த்தாள்; ஒரு முடிச்சும் தட்டவில்லை. பிறகு சேற்றில் மண்டியிட்டு, இணைந்த இழைகளைக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். இலையில் எஞ்சியிருந்த திருநீற்றை இருவர் நெற்றியிலும் இட்டாள்.

"நல்லா இருங்க," என்றாள்.