நாகம்மாள் வீட்டுப் பெண்

“வெங்கடப்பன்... மிஸ் வெங்கடப்பன்!”

தளி பஸ்ஸுக்கு மாற மத்திகிரியில் இறங்கிய சம்பங்கி சட்டென்று திரும்பினாள். மழைத்துளி தொங்கிய இமைகளுக்குள் அப்படியொரு நெருப்பு... பின்னால் ஓடி வந்த இளைஞன் ஒரு நொடி மூச்சுவிட மறந்தான். அவன் கையில், அவள் சீட்டில் தவறவிட்ட கம்பெனி அடையாள அட்டை.

“அது என் பேரு இல்ல!”

“கார்டுல ‘சம்பங்கி வெங்கடப்பன்’னுதாங்க போட்டிருக்கு...”

“அது எங்கப்பன் பேருங்க. நான் வயித்துல இருக்கறப்பவே விட்டுட்டுப் போன ஆளு. பூப்பறிச்சி என்னைய வளத்தது எங்கம்மா நாகம்மாள். சர்நேம் இல்லாம கம்ப்யூட்டர் ஏத்துக்காதாம்... அந்தாளு பேரப் போட்டுட்டாங்க. இப்ப கம்பெனியில, வேல செய்யற லைன்ல எல்லாரும் அதச் சொல்லித்தான் கூப்புடறாங்க. தெனமும்!”

அவன் முகம் சுருங்கிப்போயிற்று. “நான் ஆனந்த். இனிமே அப்படிச் சொல்ல மாட்டேன்... சம்பங்கி.”

தன் பெயர் இத்தனை மெதுவாகக்கூட ஒலிக்குமா! கோபத்துக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்தது.

அதன்பின் மாலை பஸ்ஸில் அவளுக்காக ஒரு ஜன்னல் சீட் காத்திருந்தது. பேச்சு வளர்ந்தது... சொல்ல வேண்டியதை மட்டும் இருவருமே சொல்லவில்லை.

ஒருநாள் பெருமழை. நிறுத்தத்துக்கு எதிரேதான் ஆனந்தின் வீடு. ஒதுங்க வந்தவளுக்குக் காபி கொடுத்த அவன் அம்மா சுஜாதா, மகனின் கண்கள் போன திசையைக் கவனித்தாள்.

“உங்க இன்டிபேரு என்னம்மா?”

அவர்களைப் போன்ற தெலுங்குக் குடும்பங்களில் கல்யாணப் பேச்சு இந்த வீட்டுப் பெயரில்தான் தொடங்கும்.

“தெரியாதுங்க. எனக்கு அம்மா மட்டுந்தான்.”

“அப்பா வழியில வர்ற பேரு... அதுகூட இல்லன்னா அது என்ன வீடும்மா?”

சம்பங்கி ஆனந்தைப் பார்த்தாள். அவன் தலைகுனிந்து நின்றான்.

அவள் எழுந்துவிட்டாள். “வாடகை கட்டுனது எங்கம்மா. படிக்க வெச்சது எங்கம்மா. அது நாகம்மாள் வீடு! போதுங்களா?”

கொட்டும் மழையில் இறங்கி நடந்தாள். கண்ணீர் எது, மழை எது... அவளுக்கே தெரியவில்லை. ஆனந்த் ஓடி வந்து வழிமறித்தான்.

“தள்ளுங்க! அவங்க கேட்டதுகூட வலிக்கல. நீங்க வாயத் தெறக்கலயே... அதான்!”

“பயந்துட்டேன். தப்புதான். இப்ப அம்மாகிட்ட சொல்லிட்டுத்தான் வரேன்... கட்டுனா நாகம்மாள் பொண்ணத்தான் கட்டுவேன்னு. கோவமா இருக்காங்க. இருக்கட்டும். எனக்கு உன்னைப் புடிச்சிருக்கு சம்பங்கி... ரொம்ப.”

அவள் முகத்தில் வழிந்த மழையைத் துடைத்துக்கொண்டாள்.

“எனக்கும்தான்... எப்பவோ புடிச்சிப் போச்சி. ஆனா கோவம் இன்னும் போவல, சொல்லிட்டேன்! ஞாயித்துக்கெழம தளிக்கு வாங்க. எங்கம்மா முன்னாடி நின்னு, நீங்களே வாயத் தெறந்து கேளுங்க!”