யாரு புள்ள நீ?

தையல்காரியைப் பிரசவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனது அவளுடைய நாத்தனார்தான். கூட்டிக்கொண்டு போனது என்றால், பாதித் தெருவுக்குச் சொல்லிக்கொண்டே போனது. அந்த அம்மாளுக்கு எங்கள் தெரு வைத்த பெயர் 'வெண்கலம்'. வாயைத் திறந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். தையல்காரியோ வாயில்லாப் பூச்சி. நாள் முழுக்க உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டிருப்பவள் எங்கிருந்து பேச? ஊசி இல்லாத நேரத்தில் அவளுக்கும் சேர்த்து நாத்தனார் பேசிவிடுவாள். "பசிக்குதா?" என்று இவளைக் கேட்டால், "அவளுக்குப் பசிக்கலை" என்று வெண்கலத்திடமிருந்து பதில் வரும். லாரி ஓட்டும் புருஷன் எங்கோ தொலைவில் சரக்கோடு இருந்தான். ஊரில் இருந்திருந்தாலும், அக்காவை மீறி அவன் பேசியதாகச் சரித்திரம் இல்லை.

பேய் என்றால் நடுராத்திரிதான் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். இது நடந்தது நல்ல பட்டப்பகலில்.

பழைய பிரசவ ஆஸ்பத்திரி. சுவர்கள் பாதி உயரம் வரை பச்சைப் பெயிண்ட், அதற்கு மேல் ஈரத்தின் கறை. வாசலிலேயே டெட்டால் நெடி மூக்கில் ஏறியது. அதற்கு அடியில் வேறொரு வாடை. காயாமல் மடித்து வைத்த துணியின் வாடை.

"பேரு?" என்றாள் பெரிய நர்ஸ்.

வெண்கலம் சொன்னாள்.

"வலி எப்பலேர்ந்து?"

அதையும் வெண்கலமே சொன்னாள், தனக்கே வலிப்பதுபோல.

பெரிய நர்ஸ் பேனாவை மூடினாள். பிறகு தையல்காரியின் முகத்துக்கு நேரே குனிந்தாள். "இதப் பாரும்மா. புள்ள பொறந்ததும் தூக்கிக் காட்டி, 'யாரோடது'ன்னு கேப்பேன். 'என்னோடது'ன்னு நீதான் சொல்லணும். சத்தமா. உடனே. புரியுதா?"

"அவ எங்க சொல்லப் போறா! நான் சொல்லிடறேன்" என்றாள் வெண்கலம்.

"நீங்க வெளிய இருங்க."

"ஏன், புள்ள மாறிடுமா?"

பெரிய நர்ஸ் சிரிக்கவில்லை.

நாத்தனாரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவதற்கே இரண்டு பேர் வேண்டியிருந்தது.

உள்ளே ஒரே ஒரு கட்டில். எதிர் மூலையில் வெள்ளைத் திரை. தொழில் புத்தி எங்கே போகும்? இடுப்பு வெட்டி இழுக்கும்போதும் தையல்காரியின் கண் அதன் விளிம்புக்குத்தான் போனது. ஒரே இடத்தில் கிழிந்து கிழிந்து, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு நூலில் தைத்திருந்தார்கள். யாரோ பிடித்துப் பிடித்து இழுத்த இடம்போல.

அடுத்த வலி வந்தது. அடிவயிற்றிலிருந்து முதுகைச் சுற்றிக்கொண்டு இறுக்கியது. பல்லைக் கடித்தாள்.

திரைக்குப் பின்னால் யாரோ முனகினார்கள்.

ஓ, இன்னொருத்தியும் இருக்கிறாள் என்று அவளுக்கு ஆறுதலாக இருந்தது. நம் வலியை இன்னொருத்தியும் படுகிறாள் என்றால் மனுஷ மனசுக்குக் கொஞ்சம் குளிர்ச்சிதானே. அடுத்த வலியிலும் முனகல் கேட்டது. அதற்கடுத்ததிலும்.

பிறகுதான் கவனித்தாள். முனகல் முதலில் வந்தது. வலி அதற்குப் பின்னால் வந்தது.

பெரிய நர்ஸ் வெந்நீருக்காக வெளியே போனாள்.

"மொதல் புள்ளையா?" என்று திரைக்குப் பின்னாலிருந்து கிசுகிசுப்பாக ஒரு குரல் கேட்டது.

"ஆமா" என்றாள் தையல்காரி. அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"எனக்கும் மொதல்தான்."

"எப்ப வந்தீங்க?"

"ஞாபகமில்ல." ஈரமான ஒரு மூச்சு. "எல்லாரையும் கேக்கறாங்க. என்னை மட்டும் இன்னும் கேக்கவே இல்ல."

"என்ன கேக்கலை?"



மேலே மின்விசிறி கடகடத்து நின்றது. மின்சாரம் போய்விட்டது. அறையில் இலை அசையாத புழுக்கம். தையல்காரி தலையைத் திருப்பிப் பார்த்தாள்.

திரை அசைந்தது.

உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது.

மூச்சு விடுவதுபோல.

திரையின் அடியில் ஒரு சாண் இடைவெளி. கட்டில் கால் எதுவும் தெரியவில்லை. மனிதக் காலும் தெரியவில்லை. திரைக்குப் பின்னால் உடனே சுவர். ஒரு நாற்காலி போடக்கூட இடமில்லை.

கத்த நினைத்தாள். கத்திப் பழக்கமில்லை.

அதற்குள் பெரிய நர்ஸ் ஓடி வந்துவிட்டாள். அதன் பிறகு தையல்காரிக்குத் திரையும் இல்லை, சுவரும் இல்லை. உடம்பு இரண்டாகப் பிளக்கும் வலி மட்டும்தான். "முக்கு! இன்னும் கொஞ்சம்! தலை தெரியுது, விட்டுடாத!" என்று நர்ஸ் கத்தினாள். மூலையிலும் யாரோ முக்கினார்கள். இவள் களைத்து நிறுத்தினால் அங்கேயும் நின்றது. இவள் மூச்சைப் பிடித்தால் அங்கேயும் பிடித்தது. கடைசியில் எது தன் மூச்சு, எது அந்த மூச்சு என்று அவளுக்கே தெரியவில்லை.

சூடாக ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. குழந்தை வீறிட்டது.

பெரிய நர்ஸ் அதைத் தூக்கிக் காட்டினாள். பெண் குழந்தை. இரத்தமும் மாவுமாக, சுருங்கிய முஷ்டியோடு.

"யாரோடது?"

தையல்காரி வாயைத் திறக்கவில்லை. கதவைப் பார்த்தாள்.

பழக்கதோஷம். யார் எதைக் கேட்டாலும் நாத்தனார் சொல்லட்டும் என்று அந்தப் பக்கம் திரும்பியே காலம் தள்ளியவள். தாழ்வாரத்தில் வெண்கலத்தின் குரல் யாரையோ வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தது. உள்ளே நடப்பது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஒரு நொடிதான் இருக்கும்.

"என்னோடது."

சொன்னது திரை.

குழந்தையின் அழுகை சட்டென்று நின்றது. ஈரத் தலை மெல்ல மூலைப் பக்கம் திரும்பியது. பெரிய நர்ஸின் முகம் சுண்ணாம்பாக வெளுத்தது. திரையைப் பார்க்காமலேயே, "சொல்லுடி! வாயைத் தெற! சொல்லித் தொலை!" என்று அலறினாள்.

"என்னோடது!" என்று கத்தினாள் தையல்காரி. தொண்டை கிழிந்தது. "எம்புள்ள! என்னோடது! என்னோடது!"

தாழ்வாரத்தில் வெண்கலமே வாயை மூடிக்கொண்டாள் என்றால் பாருங்கள்.

குழந்தையை மார்பில் போட்டதும் அவள் நர்ஸின் கையைப் பிடித்தாள். "மொதல்ல யாரு சொன்னா?"

"நீதாம்மா" என்றாள் பெரிய நர்ஸ். சொல்லும்போது அவள் கண் தரையைப் பார்த்தது.

குழந்தையோடு வீடு திரும்பியவளைப் பார்த்துத் தெருவே மூக்கில் விரலை வைத்தது. கைக்குழந்தையைக் கண்டால் கொஞ்சாதவர்கள் யார்? எட்டிப் பார்ப்பவர்களெல்லாம் கன்னத்தைத் தொட்டு, "யாரு புள்ள நீ? யாரு புள்ள?" என்பார்கள். கேட்டு முடிப்பதற்குள் "எம்புள்ள" என்று தையல்காரி சொல்லிவிடுவாள். வெடுக்கென்று, சண்டைக்கு வருவதுபோல. சோறு மெல்லும்போது யாராவது வந்தால் அப்படியே விழுங்கிவிட்டு, கண்ணில் தண்ணீர் முட்டச் சொல்வாள். தூக்கத்திலும் சொல்கிறாளாம், வெண்கலம்தான் ஊரெல்லாம் சொல்லி வைத்தாள். "எங்க வீட்டு ஊமைக்குப் புள்ள பெத்ததும் வாய் வந்துடுச்சு. இப்ப எனக்குத்தான் பேச இடமில்ல!"

இன்னொன்றையும் நாங்கள் கவனித்தோம். அவள் இப்போதெல்லாம் குண்டூசியை உதட்டில் வைப்பதில்லை. மணிக்கட்டில் ஒரு பஞ்சுத் திண்டைக் கட்டி, அதில் குத்திக்கொள்கிறாள். ஏன் என்று கேட்டோம். தொட்டிலைத்தான் பார்த்தாள்.

பழக்கம் அவ்வளவு சீக்கிரம் விட்டுவிடுமா? ஒரு நாள் அவசர வேலை. பேக்கரிக்காரி சட்டையைப் போட்டுப் பார்க்க வந்திருந்தாள். தோள்பட்டை தொளதொளத்தது. தையல்காரி அவள் பின்னால் நின்று துணியைப் பிடித்து, யோசிக்காமல் ஊசிகளை உதட்டில் கவ்விக்கொண்டாள். தொட்டிலில் குழந்தை விழித்துக் கிடந்தது. பக்கத்தில் வெண்கலம் பட்டன் தைத்துக்கொண்டிருந்தாள்.

பேக்கரிக்காரி தொட்டிலுக்குக் குனிந்தாள்.

"அடி என் சர்க்கரைக் கட்டி! யாரு புள்ளடி நீ?"

தையல்காரி ஊசிகளைத் துப்பினாள். ஒன்று உதட்டிலேயே ஏறிவிட்டது. இரத்தத்தோடு வாயைத் திறப்பதற்குள், வாடிக்கைக்காரர்கள் உடை மாற்றும் மூலையிலிருந்து, திரைக்குப் பின்னாலிருந்து, அமைதியாக வந்தது பதில்.

"என்னோடது."

பேக்கரிக்காரி நிமிர்ந்தாள். "உள்ள யாரு? நான் உடுப்பு மாத்தினப்ப யாரும் இல்லையே?"

யாரும் பேசவில்லை. வெண்கலம்கூட.

காயாத துணியின் வாடை அறையில் பரவியது.

தொட்டிலில் குழந்தை, பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, திரையைப் பார்த்து வாய் கொள்ளாமல் சிரித்தது.