பதர்நீக்கியும் நாற்பது கிலோ புளியும்

நிலவின் மூன்றாம் குடியிருப்பில் சூரியன் உதித்துப் பதினொரு நாளாகியிருந்தது. இன்னும் மூன்று நாளில் சாயங்காலம். அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. கவலையெல்லாம் ரசத்தைப் பற்றித்தான். புளி தீர்ந்து நான்கு மாதமாக, இருநூற்றுப் பத்துப் பேரும் சிட்ரிக் அமிலத்தூள் கரைத்த ரசத்தைக் குடித்து முகம் சுளித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த சரக்குக்கலத்தின் பட்டியல் அன்று பதினொரு மணிக்கு மூடப்படும். தவறினால் இன்னும் ஆறு மாதம் அமிலம்தான்.

புளி கேட்க வேண்டியவர் குடியிருப்புத் தலைவர் ஞானப்பிரகாசம். கொடுக்க வேண்டியவர் பூமியில் வழங்கல் அதிகாரி ஷகீலா பானு. இருவருக்கும் நடுவே, காணொளிக் கருவியோடு மல்லுக்கட்டியவள் ஒலிப்பொறியாளர் சௌந்தரி.

தலைவர் எழுந்தார். “மனிதகுலத்தின் மகத்தான பயணத்திலே...”

பத்து நிமிடம் கழித்து ஷகீலா பானு கையை ஆட்டினார். “சார், வாய் அசையுது. சத்தம்தான் வரல.”

சௌந்தரி ஒலிவாங்கியைத் தட்டினாள். “ஹலோ, ஹலோ, ஒண்ணு, ரெண்டு, மூணு.” பூமி அசையவில்லை. “காலைல குடிச்ச ரசத்துல வயிறு எரியுது, இதுல இந்தச் சனியன் வேற” என்று முணுமுணுத்தாள்.

“இப்ப நல்லாக் கேக்குது! என்னம்மா, வயித்துக்கு என்ன?”

“சரியாயிடுச்சு பாரு, தள்ளு” என்று தலைவர் முன்னே வந்தார். “மனிதகுலத்தின்...” மறுபடி மௌனம்.

சௌந்தரி கருவியை அணைத்து, பத்து எண்ணி, மீண்டும் போட்டாள். திரையில் ஒரு வரி மின்னியது: ‘பதர்நீக்கி இயங்குகிறது.’ போன வாரம் பூமியிலிருந்து அனுப்பிய புது மென்பொருள் அது. அலைவரிசையை மிச்சம் பிடிக்க, பேச்சில் விஷயம் உள்ளதை மட்டும் அனுப்பும். மற்றதை உமியாக ஊதிவிடும். தலைவர் உரைக்கு நேரே கணக்கு இருந்தது: பதர், நூறு விழுக்காடு.

மணி பத்து ஐம்பத்திரண்டு. பதர்நீக்கியை நிறுத்தலாம். நிறுத்தினால் முன்னுரை முடியவே பன்னிரண்டாகிவிடும்.

“சார், டெஸ்டிங் இன்னும் முடியல. ரெண்டே நிமிஷம்.”

“சீக்கிரம் பண்ணும்மா. சரித்திரம் காத்துக்கிட்டிருக்கு.” தலைவர் உரைத்தாளில் மூழ்கினார்.

“ஹலோ, டெஸ்டிங். புளி நாப்பது கிலோ வேணும். கொட்டை எடுத்தது. இருநூத்திப் பத்துப் பேர் நாலு மாசமா அமிலம் குடிக்கிறோம். ஹலோ.”

“அடப்பாவமே! இதை முன்னாடியே சொல்லக் கூடாதா? எழுதிட்டேன், ஏத்திடுவாங்க.”

சௌந்தரி ஒதுங்கினாள். “இப்ப பேசுங்க சார். அமர்க்களமாப் போகும்.”

தலைவர் ஒன்றரை மணி நேரம் பேசினார். ஷகீலா பானு தலையாட்டிக்கொண்டே மதியச் சாப்பாட்டை முடித்தார்.

புளி வந்தது. குடியிருப்பே கூடி, தட்டைச் சாய்த்து ரசத்தை உறிஞ்சியது. “அன்னிக்கு நான் பேசின பேச்சு அப்படி” என்றார் தலைவர். எல்லாருக்கும் வாய் நிறையச் சோறு, யாரும் மறுக்கவில்லை.

ஒரு வேண்டுகோள் இரண்டே நிமிடத்தில் நிறைவேறியது பூமித் தலைமையகத்தை உலுக்கிவிட்டது. உடனே பதர்நீக்கியைத் தங்கள் அரங்கிலும் பொருத்தி, அதன் பயனை ஆராய எண்பது அதிகாரிகள் கூடினார்கள். சௌந்தரி நிலவிலிருந்து பார்த்தாள். இரண்டு மணி நேரம் எண்பது வாய்களும் ஓயாமல் அசைந்தன. ஒரு சத்தமும் வரவில்லை. அதை ஒருவரும் கவனிக்கவுமில்லை. கடைசியில் ஒரே ஒரு வாக்கியம் கணீரென்று கேட்டது.

“அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமை.”