உருகி உறைந்த குழாய்கள்

கதவைத் திறந்த அண்ணன் "வா" என்று சொல்லி முடிப்பதற்குள் அவள் அழுதுவிட்டாள்.

"என்னை ஊருக்கே அனுப்பிடுவாங்க போலிருக்கு, அண்ணா."

முனைவர் பட்டத்துக்காக அவள் அந்த நாட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. பேருந்துக்குச் சீட்டு எடுப்பது முதல் குப்பையைப் பிரித்துப் போடுவது வரை எல்லாமே அவளுக்குப் புதுப் பாடம். உறவு என்று சொல்லிக்கொள்ள இந்த ஒரு வீடுதான் இருந்தது. தூரத்துச் சொந்தமான அண்ணன் அதே பல்கலைக்கழகத்தில் வேறு துறையில் இருந்தார். அண்ணி ஊரில் காவல்துறையின் கைரேகைப் பிரிவில் வேலை பார்த்தவர். இங்கே அவருடைய விசாவில் வேலைக்கு அனுமதி கிடையாது. ஜன்னலோரம் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்.

"அழுது முடிச்சிட்டு வரிசையா சொல்லு."

ஆய்வகத்து ஃப்ரீசரில் பேராசிரியை பல வருடங்களாகச் சேர்த்த செல் மாதிரிகள் சிறு குழாய்களில் உறைந்த நிலையில் இருந்தன. சனிக்கிழமை மாலை கடைசியாகப் பூட்டிவிட்டுக் கிளம்பியது அவள். ஞாயிறன்று வந்த சீனியர், ஃப்ரீசரின் சுவர் சுவிட்ச் அணைந்திருந்ததாகவும், உள்ளே எல்லாம் உருகிக் கிடந்ததாகவும், உடனே போட்டுவிட்டதாகவும் சொல்கிறார். திங்களன்று பேராசிரியை ஒரு குழாயை எடுத்துச் சோதித்தார். செல்கள் செத்திருந்தன. இன்று மதியம் முடிவு சொல்லப்போகிறார்கள். ஆய்வகம் கைவிட்டால் படிப்பு போகும்; படிப்போடு விசாவும் போகும்.

"இங்கே சுவிட்சை மேலே தள்ளினாத்தான் ஆன் ஆகும். நம்ம ஊர்ல கீழே. 'பாவம், புதுசு, குழம்பியிருப்பா'ன்னு சீனியர் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கார்."

"சுவிட்ச்ல கைரேகை எடுத்துடலாம்!" அண்ணன் துள்ளி எழுந்தார்.

"அதை லேப்ல தொடாதவங்க யாரு? எடுத்து ஃப்ரேம் போட்டு மாட்டவா?" என்ற அண்ணி அவள் பக்கம் திரும்பினார். "நீ அணைச்சியா?"

இல்லை என்று சொல்லத்தான் நினைத்தாள். தெருவில் எந்தப் பக்கம் பார்த்துக் கடப்பது என்பதே தினமும் தடுமாற்றம். கை தன்னை அறியாமல் எதையாவது செய்திருந்தால்?

"தெரியல, அண்ணி. நான்தான் பண்ணிட்டேன்னு சொல்லி மன்னிப்பு கேட்டுடவா?"

"கேட்கறது அப்புறம். அந்த ஃப்ரீசர்ல உனக்கு வேற என்ன வேலை இருந்தது?"

"நான் லேப்ல சேர்ந்த முதல் நாளே அதைச் சுத்தம் பண்ணச் சொன்னாங்க. மேல் தட்டுல ஒரு கொக்கி கழண்டு, தட்டு ஒரு பக்கமா தொங்கிட்டிருந்தது. மாதிரிப் பெட்டியும் அதோட சாஞ்சிருந்தது. கொக்கியை மாட்டிச் சரி பண்ணினேன். பேராசிரியைகூடப் பார்த்து நல்லாயிருக்குன்னாங்க."

அண்ணி கீரையைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார்.

ஆய்வகத்தில் பேராசிரியையும் சீனியரும் காத்திருந்தார்கள். துணைக்கு ஆள் வருவதில் பேராசிரியைக்கு ஆட்சேபணை இல்லை. ஃப்ரீசர் உறுமிக்கொண்டிருந்தது.

"ஞாயித்துக்கிழமை முழுசா உருகியிருந்ததா?" அண்ணி சீனியரைக் கேட்டார்.

"முழுசா. ஒரு குழாயை ஆட்டிப் பார்த்தேன், தண்ணியா ஓடுச்சு."

"திரும்பப் பெட்டியை எப்படி வச்சீங்க? சாய்வாவா?"

"தட்டு சமமா இருக்கே, எப்படிச் சாயும்? சமமாத்தான் வச்சேன்."

"அதுக்கப்புறம் யாராவது இடம் மாத்தினாங்களா?"

"இல்ல," என்றார் பேராசிரியை. "நான் ஒரே ஒரு குழாயை எடுத்தேன். பெட்டி அங்கேயேதான் இருக்கு."

"முதல்ல இதையெல்லாம் உறைய வச்சப்போ?"

"ஒவ்வொரு குழாயையும் நேரா நிறுத்தித்தான் உறைய வைப்போம்."

"அப்போ பெட்டியைக் கொஞ்சம் எடுக்கலாமா?"

பனிக்கட்டி நிரப்பிய தட்டில் பெட்டியை வைத்து மூடியைத் திறந்தார்கள். கண்ணாடி போன்ற சிறு குழாய்களில் ஒன்றை அண்ணன் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கினார். "அட! உள்ளே சாஞ்சு உறைஞ்சிருக்கு!" அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும்.

பேராசிரியை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார்.

"உருகின தண்ணி எந்தத் தட்டுலயும் மட்டமாத்தான் நிக்கும்," என்றார் அண்ணி. "தட்டு சாஞ்சிருந்தா குழாய்தான் சாயும், அப்படியே உறைஞ்சா, நேரா நிமிர்த்தினப்போ உறைஞ்சது சாய்வாத் தெரியும். இந்தப் பொண்ணு முதல் நாளே தட்டைச் சரி பண்ணிட்டா, நீங்களே பார்த்திருக்கீங்க. அதுக்கப்புறம் ஒரு தடவை உருகியிருந்தாலும் சாய்வெல்லாம் போய் மட்டமா உறைஞ்சிருக்கும். போகலையே. அப்போ இது உருகினது அவ வர்றதுக்கு முன்னாடி. ஞாயித்துக்கிழமை இங்கே எதுவும் உருகல. ஆட்டிப் பார்த்தேன்னு சொன்னது பொய்."

சீனியர் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அவரும் வேறொரு நாட்டிலிருந்து படிக்க வந்தவர்தான்.

"கோடை விடுமுறையில நான்தான் பொறுப்பு," என்றார் கடைசியில். "கதவு சரியா மூடல. திரும்பி வந்து பார்த்தா எல்லாம் தண்ணி. மூடி உறைய விட்டுட்டேன். சொன்னா என் படிப்பு முடியாது. வீட்டுக்கு வெறுங்கையோட எப்படிப் போறது?" அவள் முகத்தைப் பார்க்க அவரால் முடியவில்லை. "என்னைக்காவது தெரிஞ்சிடும்னு பயந்துதான் இவ மேல போட்டேன். இவ புதுசு. இன்னொரு இடம் கிடைச்சிடும்னு நினைச்சேன்."

"கிடைக்காதுன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும்," என்றாள் அவள். வந்த நாளிலிருந்து அந்த அறையில் அவள் குரல் இவ்வளவு உரக்கக் கேட்டதில்லை.

பேராசிரியை அவள் கையைப் பிடித்தார். "விசாரிக்காமலே நம்பிட்டேன். மன்னிச்சிடு. நாளைக்கு வழக்கம்போல வா." பிறகு சீனியரிடம், "நீங்க இருங்க. துறைத்தலைவர்கிட்ட இதை நீங்களே சொல்லணும், நான் கூட வரேன்," என்றார்.

வெளியே வந்ததும் அண்ணன் யாருக்கோ போன் போட்டு, குழாயைத் தூக்கிப் பார்த்தது தான்தான் என்று அளந்துகொண்டிருந்தார். அவள் அண்ணியின் பக்கத்தில் நடந்தாள்.

"எனக்கே என் மேல சந்தேகம் வந்துடுச்சு. நீங்க மட்டும் எப்படி அண்ணி என்னை நம்பினீங்க?"

"நம்பினேன்னு யார் சொன்னா? நீ பண்ணியிருப்பியோன்னுதான் நானும் நினைச்சேன்," என்றார் அண்ணி. "அதான் பார்க்க வந்தேன்."

அவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் 'பாவம், புதுசு' என்று பரிந்து பேசியவர்களில் ஒருவர்கூட அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. சாலையோரம் வந்ததும் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, அண்ணிக்கு முன்னால் அவளே காலை எடுத்து வைத்தாள்.