அரம் தின்ற பெயர்

ஃபோன் அலறியது.

"அக்கா... மோர்டனை ஆரோ குத்திக் கொன்று போட்டாங்கள்! வாள் என்ரை காருக்கை கிடந்ததாம். என்னைப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள்!"

தம்பி தாரகன்!

மோர்டன், ஜப்பானிய வாள் பைத்தியம் பிடித்த கிழவர். அவரைப் பராமரிக்கும் வேலை தாரகனுக்கு.

சாரங்கி கோபன்ஹேகன் மியூசியமொன்றில் பழைய ஆயுதங்களை ஆராய்கிறவள். கோல்டிங் நகரப் போலீஸ் நிலையம் வரை அவள் காரை மிதித்த மிதியில் ஆத்திரம் பாதி, பெட்ரோல் பாதி!

இன்ஸ்பெக்டர் நிக்கலஸின் மேசையில் வாள். பக்கத்தில் அல்பேட்... அதை மோர்டனுக்கு விற்ற பழம்பொருள் வியாபாரி. அடையாளம் காட்ட வந்தவர்.

"தம்பியை ஒழுங்கா வளர்த்திருக்கோணும், பிள்ளை."

"வாயைப் பொத்துங்கோ!"

"சாரங்கி, நீங்கள் அவன்ரை அக்கா. உங்கடை சொல் கோர்ட்டிலை எடுபடாது" என்றார் நிக்கலஸ்.

"என்ரை சொல் வேண்டாம். உங்கடை கண்ணாலை பாருங்கோ!"

கையுறை மாட்டினாள். அல்பேட் பக்கம் திரும்பினாள்.

"இதைச் செய்த கொல்லன் ஆர்?"

"கைப்பிடிக்குள்ளை பேர் வெட்டேல்லை. நான் விக்கேக்கையும் இல்லை. கண்டுபிடிக்கேலாது."

மூங்கில் ஆணியைத் தட்டினாள். கைப்பிடி கழன்றது. உள்ளே ஒளிந்திருந்த இரும்பில் நூற்றாண்டுகளின் கருந்துரு.

நடுவில் மட்டும்... பளபளவென்று புது அரக் கீறல்கள்!

"வாள் தெரிஞ்ச ஒருத்தரும் இந்தத் துருவிலை கை வைக்கமாட்டினம். அதுதான் வாளின்ரை வயசு!"

ஃபோனை நிக்கலஸிடம் நீட்டினாள்.

"போன கிழமை மோர்டன் எனக்கு அனுப்பின படம். 'அசலோ?' எண்டு கேட்டவர். வாளை நேரிலை கொண்டு வாங்கோ எண்டனான்."

படத்தில் அதே இரும்பு. அரம் ராவிய அதே இடத்தில்... வெட்டிய பெயர்!

"என்ரை தம்பி களவெடுத்திருந்தால் பேரை ஏன் ராவுறான்? பேர் இருந்தால்தானே விலை! பேர் போனால் தப்புறது ஒராள்தான்... பொய்ப் பேர் வெட்டினவர்!"

நிக்கலஸ் எழுந்தார்.

"விக்கேக்கையும் பேர் இல்லையெண்டு சொன்னியள், அண்ணை?"

அல்பேட்டின் முகம் வெளிறியது. அடுத்த கணம் சிவந்தது. மேசையில் குத்தினார்.

"அந்தக் கிழவன் வாளை உன்னட்டைக் காட்டப்போறன் எண்டு நிண்டவன்! பொய்யெண்டு நீ சொல்லியிருப்பாய். என்ரை கடை... என்ரை மானம்..."

"அதுக்கு ஒரு உயிர்! பழி என்ரை தம்பியிலை!"

கத்திய சாரங்கி, வாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தாள். வெட்டுவாய் நெடுக கராம்பு மொட்டுக்கள் நெருக்கியடித்தது போல வெள்ளை அலை. அதற்கு மேலே மூச்சுப் பட்ட கண்ணாடியாய் ஒரு புகைச்சாயல்.

அவள் குரல் இறங்கியது.

"பாவி... இது பழைய ஜப்பானிலை பிஸென் நாட்டு இச்சிமொஞ்சி எண்ட பெரிய வாள் பட்டறையின்ரை வேலை. எழுநூறு வருசத்துக்கு மேலை. பேரே தேவையில்லை, இரும்பே சொல்லும். நீங்கள் வெட்டினது அவங்களுக்கு முந்நூறு வருசம் பிந்தின ஒரு சாதாரண கொல்லன்ரை பேர்!"

"எண்டால்... வாள்..."

"அசல்! நீங்கள் நினைச்சதை விடப் பெரிய அசல்! பொய்யெண்டு பயந்து கொலை செய்திருக்கிறியள்!"

அல்பேட் கதிரையில் சரிந்தார்.

நிக்கலஸ் இடுப்பிலிருந்து விலங்கை உருவினார்.

"கையை நீட்டுங்கோ, அண்ணை. இதிலை கொம்பனியின்ரை பேர் வடிவாய் வெட்டியிருக்கு... அரம் மட்டும் கேக்கக்கூடாது!"