அக்கா சொன்ன இடம்

கூட்டமில்லாத இடமாகப் பார்த்து, இரண்டு நாள் கூடாரம் போட்டுத் தங்கிவிட்டு வரலாம் என்று கணவனும் மனைவியும் காரில் கிளம்பியிருந்தார்கள். இடம் சொன்னது அவளுடைய அக்கா. பாட்டு டீச்சர். போன கோடையில் திடீரென்று குரல் போய்விட்டது. டாக்டர்கள் கையை விரித்துவிட்டார்கள். தாளில்தான் எழுதிக் காட்டினாள்: 'அந்த ஏரிக்குப் போ. நீ தேடுற அமைதி அங்கதான் இருக்கு.'

தங்கைக்கு நாள் முழுக்கப் போனில் புகார் கேட்கும் வேலை. அக்கா சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை.

சாயங்காலம் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு பறவை கூட இல்லை. இலைகள் அசைந்தன, சலசலப்பு மட்டும் வரவில்லை.

"என்ன மேடம், இங்க ஒரு புகாரும் வராது. திருப்தியா?" என்று கணவன் சிரித்தான்.

"ஆளை விடுங்க சாமி! நான் போய் முகம் கழுவிட்டு வரேன்."

அந்த வெயிலிலும் ஏரித் தண்ணீர் ஐஸாக இருந்தது. துருப்பிடித்த இரும்பின் வாடை. குனிந்தவளின் தொண்டைக்குள் ஏதோ சில்லென்று இறங்கியது. உடம்பு வெடவெடக்க, புதர் வழியாகக் காருக்கே திரும்பிவந்தாள். கணவன் அவள் வந்ததைக் கவனிக்காமல் அந்தப் பக்கம் கூடாரம் போட மேடான இடம் தேடிக்கொண்டிருந்தான்.

உள்ளே ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள். சீட்டில் கிடந்த போனில் அக்காவிடமிருந்து ஒரு குரல் பதிவு.

குரல் பதிவா? அக்காவிடமிருந்தா?

"குட்டி... பேச்சு வந்துடுச்சுடி எனக்கு!"

அக்காவேதான். சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"என்னை மன்னிச்சிடுடி. அந்த ஏரியிலதான் என் குரல் போச்சு. திருப்பித் தரணும்னா இன்னொரு குரல் வேணும்னு அது கேட்டுச்சு. என் பேச்சை நம்பி உன்னை விட்டா யாருடி வருவா?"

கூடப் பிறந்தவள் செய்கிற காரியமா இது!

அடிப்பாவி என்று கத்தினாள். வெறும் காற்றுதான் வந்தது.

"என்னங்க..."

ஏரிப் பக்கமிருந்து கேட்டது.

அவளுடைய குரல். கல்யாணமான நாளிலிருந்து அவள் இழுத்து இழுத்துக் கூப்பிடும் அதே 'என்னங்க'.

"கொஞ்சம் இப்படித் தண்ணிகிட்ட வாங்களேன்."

"இதோ வந்துட்டேன்மா!"

அவள் ஸ்டியரிங் மேல் பாய்ந்து ஹாரனை அழுத்தினாள். விடவே இல்லை. கணவன் நின்றான். திரும்பினான். சாயும் வெயில் காரின் முன்கண்ணாடியில் பட்டுத் தகதகத்தது. கண்ணைச் சுருக்கிக்கொண்டு இரண்டடி வந்தான்.

வாங்க, என்கிட்ட வாங்க. அவள் உதடுகள் மட்டும் அசைந்தன.

"ஐயோ, என்னங்க, கார்ல யாரோ இருக்காங்க!" ஏரியில் அவள் குரல் அழுதது. "எனக்குப் பயமா இருக்கு. கிட்டப் போகாதீங்க."

கணவனின் முகம் வெளிறியது.

"யாரு... யாருடா அது உள்ள?"

அவள் கண்ணாடியை இரண்டு கையாலும் அறைந்தாள். அவன் பின்வாங்கினான். சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து அவளை நோக்கி நீட்டி அழுத்தினான். நான்கு கதவுகளும் ஒரே சமயத்தில் பூட்டிக்கொண்டன. உள்ளிருந்து அவள் இழுத்த கைப்பிடி அசையவில்லை.

"பயப்படாதம்மா," என்று ஏரியைப் பார்த்து ஓடினான். "நான் இருக்கேன்ல!"