பின்னால் வரும் முக்கோணம்

ஸ்க்ரீனில், அவர்கள் படகுக்கு நாற்பது மீட்டர் பின்னால், இன்னொரு முக்கோணம் ஒட்டிக்கொண்டு வந்தது.

ஒயரக்கா அதைப் பார்த்துச் சிரித்தாள். துறைமுகத்தில் அவளுக்கு அதுதான் பெயர். இருபது வருடமாகப் படகுகளின் ரேடியோவையும் ஆன்டெனாவையும் குடைந்துகொண்டிருப்பவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? இந்த முக்கோண விவகாரம் அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஏஐஎஸ் என்கிற பெட்டி, நான் இன்ன எண், இன்ன இடத்தில், இன்ன வேகத்தில் போகிறேன் என்று சுற்றியுள்ள கப்பல்களுக்கு ஓயாமல் சொல்லிக்கொண்டிருக்கும். மற்றவர்கள் சொல்வதைக் கேட்டு ஸ்க்ரீனில் முக்கோணங்களாகக் காட்டும். பெட்டிக்குள் இருக்கும் எண் நம்முடையதுதான் என்று ஸ்க்ரீனுக்குத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் சொந்தப் படகையே அன்னியனாக நினைத்துக்கொண்டு, மோதப் போகிறது, மோதப் போகிறது என்று கத்தும். பெட்டி அரை நிமிடத்துக்கு ஒரு தடவைதான் பேசும் என்பதால், அந்த அன்னியன் கொஞ்சம் பிந்தித்தான் வருவான். புதிதாகப் படகு வாங்கியவர்கள் இதைப் பார்த்து வெலவெலத்துப்போய் அவளுக்குப் போன் செய்வதும், அவள் நன்றாகக் கிண்டலடித்துவிட்டுச் சரிசெய்து கொடுப்பதும் வாரத்துக்கு ஒன்றாவது நடக்கும்.

இந்தப் பெட்டியில் இன்னொரு வில்லங்கமும் இருந்தது. தம்பி அதைப் பழைய சாமான் கடையில் சல்லிசாக வாங்கி வந்திருந்தான். இதில் எண்ணை ஒரே ஒரு முறைதான் போட முடியும்; போட்டது போட்டதுதான். மாற்ற வேண்டுமானால் தயாரித்த இடத்துக்கே அனுப்பிவிட்டு ஒரு மாதம் வாயைப் பொத்திக்கொண்டு காத்திருக்க வேண்டும். முன்பு எந்தப் படகில் இருந்ததோ அதன் எண் இன்னும் உள்ளே உட்கார்ந்திருந்தது. அனுப்பிவிடலாம் என்றுதான் அவளும் சொன்னாள். ஒரே ஒரு நாள் கடலில் ஓட்டிப் பார்த்துவிட்டு அனுப்பலாமே என்று அவன் கெஞ்சினான். ஆறு வயதில் தாயைப் பறிகொடுத்த பிள்ளை. தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியதெல்லாம் இவள்தான். அவன் கெஞ்சினால் மறுக்க அவளுக்கு இன்றுவரை வரவில்லை. அவன் மனைவிக்கு இது எட்டாம் மாதம். பொழுது சாய்வதற்குள் இவனை உன்னிடம் கொண்டுவந்து விடுகிறேன் என்று அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துச் சொல்லிவிட்டுத்தான் ஒயரக்கா படகில் ஏறினாள்.

கிளம்பும்போது நல்ல வெயில். கரை மறைந்த கொஞ்ச நேரத்தில் மூடுபனி வந்து படகைப் போர்த்திவிட்டது. நண்பகல், ஆனால் பாய்மரத்தின் உச்சி தெரியவில்லை. பாய் மேலே போய்ப் பனியில் கரைந்திருந்தது. சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. தம்பி பின்னால் சுக்கான் பிடித்திருந்தான். அவள் கேபினில், டீசல் வாடையும் ஈரக் கம்பளி வாடையும் கலந்த அந்தப் பொந்தில், முழங்காலை மடக்கிக்கொண்டு ஸ்க்ரீன் முன்னால் குந்தியிருந்தாள்.

சோதித்துப் பார்க்க அவனைப் படகை நிறுத்தச் சொன்னாள். நாம் நின்றால், பிந்தி வருகிற பொய் முக்கோணம் அரை நிமிடத்தில் வந்து நம்மோடு சேர்ந்துகொள்ள வேண்டும். அது சேரவில்லை. அதுவும் நின்றது. நாற்பது மீட்டர் தள்ளி, அதே இடத்தில், மரியாதையாக நின்றது.

ஜிபிஎஸ் பிசகு என்று அவள் நினைத்துக்கொண்டாள். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். இவளுக்குச் சறுக்கியது இங்கேதான். அந்தப் பழைய எண்ணை ஸ்க்ரீனில் தட்டி, இது எங்களுடையது, இதைக் காட்டாதே என்று உத்தரவு போட்டாள். முக்கோணம் மறைந்தது. கத்தல் நின்றது. ஸ்க்ரீன் துடைத்துவிட்ட மாதிரி ஆனது. படகை மறுபடி கிளப்பச் சொல்லிவிட்டு, பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றிக்கொண்டாள்.

கால் மணி நேரம் போனது. பனியின் சத்தங்களே தனி. எது பக்கம், எது தூரம் என்று தெரியாது. அலை படகின் வயிற்றில் தட்டிக்கொண்டிருந்தது, பாய்க் கயிறு கம்பத்தில் டிங் டிங் என்று மோதிக்கொண்டிருந்தது, அதற்குப் பின்னாலேயே, ஒரு நொடி பிந்தி, அதே டிங் டிங் இன்னொரு முறை கேட்டது. எதிரொலியாக இருக்கும். வாடையும் மாறியிருந்தது. வெகுநாள் தண்ணீரில் ஊறிய கயிற்றை வெளியே இழுத்துப் போட்டால் வருமே, அந்த அழுகல்.

மேலேயிருந்து தம்பி குனிந்து கேட்டான். "அக்கா, நமக்குப் பின்னால யாராவது வர்றாங்களா?"

அவள் ஸ்க்ரீனைப் பார்த்தாள். "யாருமில்லடா."

அவன் நம்பினான். அக்கா சொன்னால் அவனுக்கு அப்பீலே கிடையாது. திரும்பிக்கூடப் பார்க்காமல் சுக்கானைப் பிடித்தபடி விசிலடிக்க ஆரம்பித்தான்.

அப்போதுதான் ரேடியோ கரகரத்தது. துறைமுகக் கன்ட்ரோல் ரூமில் இருப்பவர். வருடம் முழுக்க ஜலதோஷம் பிடித்த குரல். பழைய எண்ணோடு சோதனைக்குப் போகிறோம் என்று காலையிலேயே அவரிடம் சொல்லி வைத்திருந்தாள். என்ன ஒயரக்கா, உங்கள் வேலை இவ்வளவுதானா என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். படகு அவர் ஸ்க்ரீனில் நிலையாக இல்லையாம், குதிக்கிறதாம். ஒரு நொடி இங்கே, மறு நொடி கொஞ்சம் பின்னால், மறுபடி இங்கே. ஒரே எண்ணை இரண்டு பெட்டி ஒரே நேரத்தில் பேசினால்தான் அப்படிக் குதிக்கும். அது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"நடுவுல இருக்கிற தூரம் குறைஞ்சுகிட்டே வருதும்மா."

அவள் டீ தம்ளரைக் கீழே வைத்தாள். மேலே பார்த்து, பெட்டியை எவன் விற்றான், எந்தப் படகுடையது, உண்மையைச் சொல் என்றாள். தம்பி சின்ன வயதில் ஜன்னலை உடைத்துவிட்டு நிற்பானே, அப்படி விழித்தான். பிறகு சொன்னான். போன வருடம் ஒரு குடும்பம், நாலு பேர், அதே எண்ணில் புதுப் பெட்டி போட்டுக்கொண்டு இதை விற்றுவிட்டுக் கிளம்பினார்களாம்.

"அந்தப் படகு திரும்பி வரலக்கா. சொன்னா நீ வாங்க விடமாட்டேன்னுதான்..."

அவனை அறையலாம் போலிருந்தது. நேரமில்லை. அவள் தங்கள் பெட்டியின் ஃபியூஸைப் பிடுங்கினாள். பச்சை விளக்கு அணைந்தது. இனி இந்தப் படகு ஊமை. அந்த எண்ணில் யாரும் பேசக் கூடாது.

"இப்ப குதிக்கல," என்றார் கன்ட்ரோல் ரூம்காரர், மிக மெதுவாக. "ஒண்ணுதான் தெரியுது. ரேடார்ல நீங்க இருக்கிற அதே இடத்துல."

அவள் ஸ்க்ரீனில் போட்ட உத்தரவை நீக்கினாள். விரல் வழுக்கி இரண்டு தடவை தப்பாக அழுத்தி, மூன்றாவதில் நீங்கியது. முக்கோணம் வந்தது. தூரம் என்ற இடத்தில் பூஜ்யம். கால் மணி நேரமாக அது வருவதை ஸ்க்ரீன் பார்த்துக்கொண்டேதான் இருந்தது. காட்டாதே என்றவள் இவள்.

மோதியது.

மேஜை விளிம்பு அவள் முகத்தில் இறங்கியது. பல் உடைந்தது. வாய் நிறைய ரத்தம். கேபின் சுவர் பிளந்து, பலகை உள்ளே துருத்தியது. மேலே தம்பி கத்தினான். அவள் இதுவரை கேட்டிராத கத்தல்.

கத்தியை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினாள்.

பக்கத்தில் ஒரு பாய்மரப் படகு உரசிக்கொண்டு நின்றது. பாய் கிழிந்து தொங்கியது. உடம்பெல்லாம் பாசி. சுக்கானில் ஆளில்லை. மேல்தட்டிலேயே ஆளில்லை. அதன் கைப்பிடிக் கம்பியில் நாலு பாதுகாப்புக் கயிறுகள் மாட்டியிருந்தன. அலையில் தவறி விழுந்தாலும் படகை விட்டுப் போகாமலிருக்க இடுப்பு வாரில் மாட்டிக்கொள்கிற கயிறு. அவளும் தம்பியும் மாட்டியிருக்கிற அதே மாதிரி. நாலும் விறைப்பாகத் தண்ணீருக்குள் இறங்கின. நாலின் நுனியிலும் ஆள்.

ஒரு வருடம் இழுபட்டவர்கள். முகம் தேய்ந்திருந்தது. மூக்கு இல்லை. உதடு இல்லை. பல் இருந்தது.

அவர்கள் கயிற்றைப் பிடித்து ஏறி வந்தார்கள். ஒரு கைக்கு மேல் இன்னொரு கை. அதற்குள் சில கைகள் தம்பியின் காலைப் பிடித்திருந்தன.

அவள் வெட்டினாள். ஒரு விரல் தெறித்தது. இன்னொன்று. ரத்தம் வரவில்லை, கடல்நீர் வந்தது. பாய்க் கயிற்றைச் சுற்றுகிற இரும்புக் கைப்பிடியை உருவி ஒரு தலையில் அடித்தாள். மறுபடி அடித்தாள். மண்டை பறங்கிக்காய் மாதிரி உள்ளே போனது. பிடி விடவில்லை. தம்பி அவள் சட்டையைப் பற்றிக்கொண்டு, அக்கா விடாதே, விடாதே என்று அழுதான். அவள் விடவில்லை. சட்டைதான் கிழிந்தது.

அவன் இரண்டு படகுகளுக்கும் நடுவில் விழுந்தான். அலை தூக்கியது. படகுகள் சேர்ந்தன. எலும்பு நொறுங்கியது அவள் பாதத்தில் தெரிந்தது, பலகை வழியாக. படகுகள் விலகின. மறுபடி சேர்ந்தன.

பிறகு அமைதி.

சின்னதாக ஒரு சத்தம். கொக்கி மாட்டுகிற சத்தம்.

அந்தப் படகின் கம்பியில் இப்போது ஐந்து கயிறுகள்.

கேபினுக்குள் ரேடியோவில் கன்ட்ரோல் ரூம்காரர் அவளைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். ஆட்களை அனுப்பியிருக்கிறாராம். இருபது நிமிடமாம். அவளுக்கு அது காதில் விழுந்தது. அந்தப் பெண்ணிடம் என்ன சொல்வேன், கையைப் பிடித்துச் சொன்னேனே, என்ன சொல்வேன் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

ஐந்தாவது கயிறு ஆடியது.

ஒரு கை வந்தது. அதற்கு மேல் இன்னொரு கை. தம்பியின் மோதிரம். தம்பியின் தலை. நெஞ்சுக்குக் கீழே உடம்பு தட்டையாக, ஈரத்துணி மாதிரி பலகையில் இழுபட்டது. முகம் மட்டும் அப்படியே இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றுகிறவனின் முகம்.

"அக்கா," என்றான். வாயிலிருந்து கடல் கொட்டியது. "நீயும் வா."

மற்ற நால்வரும் அவன் பின்னால் ஏறி, வரிசையாக, காத்திருந்தார்கள்.

அவள் ஓடலாம். கேபினுக்குள் புகுந்து கதவைச் சாத்தலாம். இருபது நிமிடம்தான். அவள் அங்கேயே பலகையில் உட்கார்ந்தாள்.

அவன் கை அவள் இடுப்பைத் தடவி வாரைக் கண்டுபிடித்தது. ஆறாவது கயிறு ஒன்று அவன் தோளில் சுருட்டியிருந்தது. அதன் கொக்கியை அவள் வாரில் மாட்டினான். படகோடு அவளைக் கட்டியிருந்த கொக்கியைக் கழற்றினான். பொறுமையாக, அவள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த அதே முறையில், ஒருமுறை இழுத்துப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டான்.

கத்தி அவள் கையில்தான் இருந்தது. கயிறு இரண்டு விரல் தடிமன்கூட இல்லை. ஒரே இழுப்பில் அறுந்துவிடும்.

அவன் தலை அவள் மடியில் சாய்ந்தது. கனமாக, சில்லென்று. அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு, அவன் தலைமுடியிலிருந்த பாசியை எடுத்துவிட்டாள்.

அந்தப் படகு மெல்ல விலக ஆரம்பித்தது. கயிறு ஒரு சுற்று அவிழ்ந்தது. இன்னொரு சுற்று. விறைத்தது.